மரக்குதிரைக்கு மூண்ட போர்

அம்சம் டீச்சரைப் பாடுவோம். நீடாமங்கலத்தில் மூன்று நாள் பயிற்சி பெற்று, "அடிக்காதே, அடுத்த பிள்ளையின் மனசைக் கேட்கச் சொல்லு" என்னும் அருமறையை நோட்டில் ஏந்தி வந்து, புளிய விளாறை அன்று காலையே விறகோடு சேர்த்த வள்ளலை, முப்பத்தொரு மழலைப் படைக்கு ஒற்றைத் தலைவியைப் பாடுவோம். பகையோ பெரிது. "அடிக்காத டீச்சர்கிட்ட பிள்ளை எப்படிங்க உருப்படும்?" என்று கேட்ட தாய்மார் பேரவை, ஒரு வாரம் பொறுப்பது, பிறகு ஆளுக்கொரு விளாறு ஒடித்துவந்து கொடுப்பது என்று தீர்மானமே போட்டிருந்தது.

அன்றே நண்பகலில் போர் மூண்டது. களம், பால்வாடி. பொருட்டு, ஒரு காது உடைந்த மரக்குதிரை. அதன்மேல் கொலுவீற்றிருந்தவன் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளரின் ஐந்து வயதுத் திருமகன் துரைக்கண்ணு. அதன் வாலை இரு கைகளாலும் பற்றி, மதகு திறந்தாற்போல் கண்ணீர் பெருக்கியவள் பண்ணைக் காரியஸ்தரின் நான்கு வயதுச் செல்வி மங்களாம்பிகை. அறுவடைக் கூலிக்காக இருவர் தந்தையரும் தாலுகா ஆபீசில் எதிரெதிரே அமர்ந்து, பேச்சு மும்முறை முறிந்து, விளைந்த நெல் வயலிலேயே சாய்ந்து, வேலைநிறுத்தம் ஒன்பதாம் நாளை எட்டியிருந்தது.

ஆதலால் துரைக்கண்ணு தொடை தட்டி அறிவித்தான்: "கோரிக்கை நிறைவேறுறவரைக்கும் இறங்க மாட்டோம்."

"என்னடா கோரிக்கை?"

"அது அப்பாவுக்குத்தான் தெரியும்."

அம்சம் நோட்டின் பேராயுதத்தைத் தொடுத்தாள். "கண்ணு, அவ மனசுக்கு எப்படி இருக்கும்னு சொல்லு பாப்போம்."

"அழுவுறா, டீச்சர்."

"அது தெரியுது. ஏன் அழுவுறா?"

அம்பு மழுங்கி வீழ்ந்தது. அடுக்களை வாயிலில் சமையல் ரெங்கம்மாள், எரிமலை வாயில் தோன்றிய காளியென நின்றாள். "விளாறு பாதிதான் எரிஞ்சிருக்கு. உருவித் தரவா டீச்சர்?"

ஏழு கடலும் மூச்சடக்கின. வள்ளலின் வலக்கை, அந்தோ, அடுப்புப் பக்கம் ஒரு சாண் நீண்டது.

அக்கணம் துரைக்கண்ணு குனிந்து பகைவியின் முகத்தை உற்றுப் பார்த்தான். அவன் வீட்டில் தங்கச்சி ஒன்பது நாளாக ஒரே காரணத்துக்குத்தான் அழுகிறாள்.

"பசிக்குதா?" என்றான்.

இறங்கினான். அடுக்களைக்கு நடந்தான். "அக்கா, இவளுக்கு மொதல்ல போடுங்க." தளும்பும் தட்டை இரு கைகளிலும் ஏந்தி, தோற்ற நாட்டுக்குத் திறை சுமந்து வரும் வென்ற வேந்தனைப் போல் அவன் திரும்பியபோது, மங்களாம்பிகை கண்ணீர் துடைத்துக் குதிரைமேல் இருந்தாள். ஒரு வாய் தின்றாள். அவனைப் பார்த்தாள். முன்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

அடுப்புப் பக்கம் நீண்ட அதே கையால் அம்சம் விளாறின் மிச்சத்தை அடுப்புக்குள் தள்ளினாள்.

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.