தரையில் வைத்த காபி

கராக்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பாசமும் நிறைந்த நுஸ்ஹா அக்காவுக்கு, தம்பி ஃபவ்வாஸ் எழுதிக்கொள்வது. என் வாயின் இடப்பக்கம் நீங்கலாக இறைவன் அருளால் இங்கு எல்லோரும் சுகம். மாதபாவில் அத்தானும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், மரத்துப்போன வாயால் பேசினால் இன்னொரு கல்யாணம் என்று புரிந்துகொள்வீர்கள். ஆகவே எழுத்தில்: நம் மூத்தவள் ஷுரூக்கை யாரும் பெண் கேட்கவில்லை. நீங்கள் சொல்லிவைத்த பதினைந்து கிலோ பக்லாவா இனிப்பைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நடந்தது இதுதான். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர் சின்னவள் தாலினின் வாயைப் பார்த்து, கடவாய்ப்பல் சொத்தை, சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரவும் என்று சீட்டு கொடுப்பார், நானும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவேன், போட்டதுமே பாதி குணமான மாதிரி ஒரு திருப்தி, ஊரே இப்படித்தான், இந்த வருஷம் நாற்பத்தெட்டுச் சீட்டுக்கு மூன்றே பிள்ளைகள் வந்ததில் தலைமையாசிரியைக்குக் கோபம் வந்து ஒரு யோசனை செய்திருக்கிறார், அது எனக்கெங்கே தெரியும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹாஜி முத்லக் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடும் கோட்டு போட்ட, கல்யாணமாகாத அந்தப் பல் டாக்டர் நிதாலோடும் வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டார்.

தரையில் வைத்த காபி கேட்டது கிடைத்தால்தான் வாய்க்குப் போகும், உங்களுக்குத் தெரியாததா. ஷுரூக்கைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"குடிங்க ஹாஜி. என் வீட்டுல எது வேணுமோ அது உங்களுதுதான்."

"என்னன்னு கேக்காமலா?"

"கேக்க என்ன இருக்கு, டாக்டர் மொகத்தைப் பாத்தாலே போதும்."

அதற்குள் என் மனைவி ரஹாப் சமையலறையிலிருந்து உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். நீங்கள் போட்ட குலவை கூடம்வரை கேட்டது. ஹாஜி குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப தாலினோட கடவாப்பல்லு எங்களுது."

தலைமையாசிரியையின் யோசனை இதுதானாம். பால்பல்தானே, தானாக விழும் என்று நழுவப் பார்த்தேன். "இது ஆறு வயசுல மொளச்சது மாமா, ஆயுசுக்கும் இது ஒண்ணுதான்" என்றார் டாக்டர். பிள்ளை இத்தனை நாள் ஒரு பக்கமாகவே மென்று தின்றதை நான் குறும்பு என்று நினைத்திருந்தேன் அக்கா. வெட்கமாக இருந்தது.

இன்று தாலினை அழைத்துப் போனால், "அப்பா மொதல்ல உக்காரட்டும்" என்கிறாள் அந்தக் கழுதை. சும்மா உட்கார்ந்து காட்டினேன். டாக்டர் எட்டிப் பார்த்து, நாலு சொத்தை என்றார்.

"என்னை விட்டுடுங்க டாக்டர்."

"வீட்டுல எது வேணும்னாலும்னீங்களே. உங்க பல்லும் அந்த வீட்டுலதானே இருக்கு?"

அவள் பல்லை அடைத்தார்கள், முனகக்கூட இல்லை. நான் முனகியது வாசல்வரை கேட்டதாம். பல் அடைத்தவன் சொன்னால்தான் ஊர் நம்பும் என்று இன்று மாலை ஹாஜி என்னையும் அபூ தவ்ஃபீக் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், அவருடைய கடைக்குட்டியின் பல்லைக் கேட்க. இனி காபி விஷயத்தில் நான் ஏமாறுவதாக இல்லை.

அத்தானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு முத்தம், பல் துலக்கியிருந்தால் மட்டும்.

உங்கள் தம்பி,
ஃபவ்வாஸ்

பி.கு.: இப்போதுதான் திரும்பினேன். கோப்பையைத் தரையில் வைத்தேன். நான் வாயைத் திறக்குமுன், "பொண்ணு உங்களுது, காபியைக் குடிங்க சம்பந்தி" என்றார் அபூ தவ்ஃபீக். திகைப்பில் குடித்துவிட்டேன். என் மகன் கைஸ் சிரித்துக்கொண்டே இருக்கிறான். அந்தப் பெண்ணும் அப்படியேதானாம். குடித்த பிறகு பல்லைக் கேட்க முடியுமா, கடைக்குட்டியின் சொத்தை அப்படியே இருக்கிறது. ஆகவே பக்லாவாவை நிறுத்த வேண்டாம். அந்தக் கடைக்குட்டிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.