சல்லடையும் காணாமல் போன ஸ்டீபனும்

எண்ணூர் சாலையில் இருந்த அத்தனை ஆலைகளுக்கும் சேர்த்துக் கவலைப்பட ஒரே ஓர் ஆளைத்தான் கடவுள் படைத்தார். அவரையும் எங்கள் ஆலையின் ஃபைல் அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டார். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே குமாஸ்தா. அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் சல்லடை.

எதைக் கேட்டாலும் சலிப்பார். "வந்த லெட்டரா, போன லெட்டரா? மன்சன் விசயமா, மிசின் விசயமா? மிசின் ஓடிகினு கீதா, பட்துகினு கீதா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஃபைலை உருவுவார். டீக்கடையிலும் இப்படித்தான்; சலித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கூரை ஒழுகினால் குடையை அலமாரிக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைவார்.

ஒருநாள், தற்காலிக வெல்டர்களை நிரந்தரமாக்கப்போவதாக உத்தரவு வந்தது. மதியச் சங்கு ஊதுவதற்குள் ஃபைல்கள் மேனேஜர் மேசைக்குப் போகவேண்டும். ஃபைல் போகாதவன் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான். எல்லாம் கிடைத்தன, ஸ்டீபனுடையதைத் தவிர.

"ஸ்டீபனா? அப்டி ஒர்த்தன் நம்ப கம்பெனிலயே இல்ல நைனா."

"தினமும் கேட்ல பாக்கறேனே அண்ணே! ராயபுரத்துப் பையன். போன மாசம்தான் கொழந்த பொறந்துது."

இருவரும் 'ஸ' அலமாரியையே கவிழ்த்தோம். கரப்பான்பூச்சிதான் ஓடியது. அது ஓடிய இடுக்கையும் சல்லடை குடைந்து பார்த்தார். அதற்குள் அவனே வாசலில் வந்து நின்றான்.

"இன்னா சார், ஃபைலு கெடச்சிதா? நான்தான் இஸ்டீபனு."

சல்லடை துள்ளி எழுந்தார். "அட கஸ்மாலம், இஸ்டீபனா? நீ 'இ'டா! அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

இஸ்கூல், இஸ்டோர், இஸ்டிரைக் எல்லாம் 'இ' வரிசையில் இருந்தன. நடுவில் பத்திரமாக ஸ்டீபன். வாயில் வருகிறபடியே அடுக்கியிருக்கிறார் மனிதர்!

திட்டலாம் என்று திரும்பினேன். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "புள்ளகுட்டிக்காரன தொலச்சிட்டன்னு நென்ச்சேன் நைனா."

ஃபைலைக் கேட்டேன்; பிடியை விடவில்லை. அவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு ஓடினேன். மேனேஜர் அறைக்குள் நுழையும்போது சங்கு ஊதியது. ஸ்டீபனுக்கு வேலை நிலைத்தது.

இப்போதெல்லாம் என்னைப் பற்றிய காகிதம் ஏதாவது ஓர் ஆபீசில் காணாமல் போகிறது. "இல்லை, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். எனக்காகத் தரையில் உட்கார்ந்து அழ அங்கே சல்லடை இல்லையே என்று இருக்கிறது.