பால்கனியில் நீல வால் பறவை

பால்கனியில் பறவை எதுவும் இல்லை. வாசலில் ஆறு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். ஆயுசு முழுக்க அடுத்தவர் பொய்யைக் கேட்டே பழகியவர். சொல்லிப் பழக்கமில்லை.

குளிர் விலகியதும் முதலில் தென்படும் பறவை, பட்டாம்பூச்சிகளைப் பற்றிச் சொல்வதற்கென்று தெருக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் அவர் தினமும் காலை வணக்கம் போடுவார். ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். இன்று காலை ஏதோ ஒரு வேகத்தில், ‘என் பால்கனியில் நீல வால் பறவை!’ என்று எழுதிவிட்டார்.

"எங்க சார் அது?" கழுத்தில் பைனாகுலர் ஆட, முதல் ஆளாக நுழைந்தார் குழுவின் தலைவரான பல் டாக்டர்.

"இப்பத்தான்... பறந்து போச்சு."

"அப்ப திரும்பி வரும். உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள். அவர் டீ போட்டார். ஒரே ஆளுக்குப் போட்டுப் பழகிய கை, சர்க்கரையைக் கண்டபடி அள்ளிப் போட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. வீடே கலகலவென்றிருந்தது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிடுவார்களோ என்று இவர் எழுந்தார். நைசாக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைக் குவித்து மெல்ல விசிலடித்தார்.

வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. டாக்டர் கதவருகே வந்து கிசுகிசுத்தார்.

"சார், அசையாதீங்க! சத்தம் கேட்டுச்சு, உங்க தலைக்கு மேல வென்டிலேட்டர்லதான் இருக்கு. கூடு கட்டுது போல."

"நான் வெளிய வரணுமே?"

"ஐயோ, வேண்டாம்! பயந்துடும். பேசவும் பேசாதீங்க."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெளியே அவருடைய டீயைக் குடித்து, அவருடைய பிஸ்கட்டைத் தின்று யாரோ சிரித்தார்கள். என்ன ஜோக் என்றுகூடத் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்தார். முழங்கை பட்டு ஷவர் திறந்துகொண்டது.

"ஐயய்யோ!"

"போச்சு!" என்றார் டாக்டர். "இனிமே அது இந்தப் பக்கமே வராது."

தலை சொட்டச் சொட்ட அவர் வெளியே வந்தபோது எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு வாய் டீ குடிச்சிட்டு..."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

எதிர்வீட்டு நர்ஸம்மா மட்டும் போகவில்லை. அவரும் ஓய்வுபெற்றவர், இவரைப் போலவே தனி ஆள். கொடியிலிருந்த துண்டை எடுத்து இவரிடம் நீட்டினார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நாளைக்கு என் வீட்டுக்கும் ஒரு பட்டாம்பூச்சி வரணும். என்ன கலர்னு எழுதினா எல்லாரும் வருவாங்க?"