பாலம் ஒஸ்மாரும் என் அறுபத்து மூன்று ஓட்டும்

மேலப்பாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் இர்ஷாதுக்கு மாமா பீர் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். பிரேசிலில் நீயும் உன் கோழி இறைச்சி ஆலையும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் உன் மாமி பக்கத்தில் நின்று என்னைத் திருத்துகிறாள். அதனால்தான் கடிதம்.

உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒஸ்மாரைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த மனிதர்மேல் தனி மரியாதை. பஸ் கண்டக்டராக இருந்து, கவுன்சிலராகி, மேயராகி, நான்கு முறை சட்டமன்றம் போய், ஓர் ஆற்றுப் பாலத்துக்காக ஐந்து கட்சி மாறி, கடைசியில் கட்டியும் காட்டி, 'பாலம் ஒஸ்மார்' என்ற பட்டப்பெயரிலேயே தேர்தலில் நிற்கிறார் என்றால் சும்மாவா? நம் தெருக் கால்வாய்ப் பாலம் இடிந்து ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் பனங்கட்டைமேல் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். போன மாதம் உன் அக்கா மகள் தஸ்மியா விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், தெரு நலச் சங்கத் தலைவர் பதவிக்கு ஜவுளிக்கடை வைத்திருக்கிற ரசீதை எதிர்த்து நிற்பது என்று. 'பாலம் பீர் மைதீன்' என்று போஸ்டரும் ஒட்டினேன். அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் மெஷினில் வேட்பாளரின் நம்பரை அழுத்துவார்கள் என்றாயே, அதிலும் மயங்கி நானும் ஒரு நம்பர் வைத்துக்கொண்டேன், 45454. வீடு வீடாக ஏறித் தெரு முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். பீடி இலை வெட்டுகிற பெண்கள்கூட வெட்டிக்கொண்டே "நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, நாலு" என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நம் சங்கத்தில் மெஷின் கிடையாது, சீட்டில் பெயருக்கு நேரே டிக் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்ல மறந்துவிட்டேன். எண்ணும்போது பார்த்தால் அறுபத்து மூன்று சீட்டில் டிக் இல்லை, நம்பர்தான் இருக்கிறது. எல்லாம் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ரசீதுக்கு ஐம்பது, எனக்கு இரண்டு. ஒன்று நான் போட்டது, மற்றது உன் மாமி போட்டதாக இருக்கும் என்று வீட்டுக்கு வந்து கேட்டால், "நானும் நம்பரத்தான் எழுதுனேன். ஒரு மாசமா நீங்கதான பாடஞ் சொல்லித் தந்திய?" என்கிறாள்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. தஸ்மியா கட்டுப் போட்ட கையோடு வந்து, "அப்பொ பாலம் வராதா?" என்று கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி ரசீத் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். பெருநாளைக்கு அவன் கடையில் ஒரு கைக்குட்டைகூட எடுப்பதாக இல்லை. ஒஸ்மாரை நேரில் பார்த்தால் என் சலாம் சொல். அல்லாஹ் உன் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்யட்டும்.

துஆவுடன்,
மாமா பீர் மைதீன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ரசீதே வீட்டுக்கு வந்துவிட்டான். "எனக்கு அம்பதுதான், தெரு ஒம்ம பக்கம்லா நிக்கி. என் அணியில சேரும்வே, பாலத்த நீரே நின்னு கட்டும்" என்றான். எனக்கு விழுந்த அந்த இரண்டாவது ஓட்டு யாருடையது என்று கேட்டேன். "எல்லாரும் நம்பரத்தான் எழுதப்போறாவன்னு வரிசையிலயே தெரிஞ்சிட்டு. ஒமக்கு ஒத்த ஓட்டுன்னு ஊரு சிரிக்கப்படாதுல்லா" என்று தரையைப் பார்த்தான். நான் இப்போது ரசீத் அணி. ஒஸ்மாருக்கு ஐந்து கட்சி தேவைப்பட்டது, எனக்கு ஒன்றே போதும் போலிருக்கிறது. நாளைக் காலையில் கால்வாயை அளக்கிறோம். டேப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை ரசீதும் பிடிக்கிறோம். எத்தனை அடி என்று எழுதிக்கொள்ளப் போவது தஸ்மியா, இடது கையால்.