கடல் பார்க்கப் போட்ட விடுப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரே மின்விசிறியின் கீழ் சுகம்; நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

குழந்தை பெற்றுக்கொள்ள முடிவெடுத்து டாக்டரைப் பார்த்ததாகவும், ரூபெல்லா அம்மைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னவரிடம், "எனக்கு ஏழு வயசுலயே வந்து போயிடுச்சு, எங்கப்பாவே லீவ் லெட்டர் எழுதினாரு" என்று சொல்லித் தட்டிக்கழித்ததாகவும் எழுதியிருந்தாய். படித்த கையோடு இதை எழுதுகிறேன். கண்ணு, உனக்கு ரூபெல்லா வரவே இல்லை. அன்றைக்கு நாம் கடலுக்குப் போயிருந்தோம்; உனக்கு அது மறந்து, நான் எழுதிய லெட்டர் மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

"கடல் எங்கப்பா முடியுது?" என்று கேட்டாய். பூகோள வாத்தியாரான என்னிடம் கேட்கிற கேள்வியா அது? அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காய்ச்சலும் வயிற்றுவலியும் லீவ் லெட்டரில் எழுதியெழுதித் தேய்ந்திருந்தன; நம் பள்ளி ஆசிரியர் அறைச் சுவரிலிருந்த சுகாதார அட்டவணையில் ரூபெல்லா என்பது ஏதோ தீவின் பெயர்போல இருந்தது, இருவருக்குமாக மூன்று நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறதென்று தெரியாமல் நீயும் நானும் அலையில் கால் நனைத்து நின்ற அதே நேரத்தில், தலைமையாசிரியர் உன் வகுப்புக்கே விடுமுறை விட்டு, பெஞ்சுகளைக் கழுவவைத்து, இரண்டு மாதக் கர்ப்பிணியான பாட்டு டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். நான் திரும்பியதும் அந்த டீச்சர்தான் விளக்கினார். நமக்கு இது நாலு நாள் தடிப்பு. உள்ளே இருக்கும் பிள்ளைக்கோ கண்ணும் காதும் இதயமும் உருவாகும் நேரம், மை காயாத பக்கத்தில் கை பட்டதுபோல் ஆகிவிடுமாம். அவருக்குத் தடுப்பு சக்தி இருந்தது. எனக்குத்தான் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே நாளைக்கே ரத்தம் கொடு. தடுப்பு இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறு. பரீட்சை அறைக்குள் போனபின் புத்தகத்தைத் திறக்க முடியாது. கரு உண்டானபின் இந்த ஊசியும் அப்படித்தான். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

நீங்கள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் பிள்ளை பிறக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறை ஒட்டப் பசை கேட்டேன், அம்மா கடிதத்தைப் படித்துவிட்டாள். "மூணு நாள் படுத்திருந்த புள்ளைக்கு முகம் எப்படி வெயில்ல கருக்கும்? சட்டைப் பையில மணல் எப்படி வரும்?" என்கிறாள். பொய் பலித்துவிடுமோ என்று பயந்து அந்த வாரமே உனக்கு ஊசி போட்டுவிட்டாளாம். பொத்தான் டப்பாவில் அவள் வைத்திருந்த ரூபெல்லா ஊசி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு, பரிசோதனை வேண்டுமா என்று அவரே சொல்லட்டும். அட்டையின் மடிப்பில் கொஞ்சம் மணல் இருக்கிறது. கொட்டிவிடாதே.