மேனேஜர் வெளியே வந்த விதம்

அறையில் இருந்தவர்கள்: மேனேஜர், தலைமை கிளார்க் அம்மா, காவலாளி, வாசலில் துடைப்பத்தோடு துப்புரவு அக்கா. நாற்காலி இரண்டு. காவலாளிக்கு இல்லை.

காலையில் மேனேஜர் ஸ்டோர் ரூமுக்குள் இருந்தபோது காவலாளி வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் கதவை உதைத்த பிறகுதான் மேனேஜருக்கு விடுதலை. அதைப் பற்றித் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும். எழுதுபவர் காவலாளி. திருத்துபவர் மேனேஜர்.

"சார், நாளைக்கு மகளைக் காலேஜ்ல சேர்க்கணும். லீவு லெட்டர்..."

இங்கிலீஷ் சரியில்லை என்று அதை மூன்று முறை கிழித்திருந்தார் மேனேஜர். நான்காவது, காவலாளியின் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"முதல்ல ரிப்போர்ட். படி."

"பத்தரை மணிக்கு மேனேஜர் 'அப்பியர்' ஆனார்னு போட்டிருக்கேன் சார்."

"நான் என்ன பேயா, திடீர்னு தோன்றதுக்கு? அடி!"

"எமர்ஜ்?" என்றார் கிளார்க் அம்மா.

"பொந்துலேர்ந்து பெருச்சாளி வர்ற மாதிரி இருக்கும்மா."

"டர்ன் அப்?"

"அது தொலைஞ்ச குடைக்கு."

"ஷோ அப்?"

"லேட்டா வந்தேன்னு எனக்கே மெமோ வரும்."

அடித்து அடித்துத் தாளில் ஓட்டை விழுந்தது.

"பேசாம 'கேம் அவுட்'னு போட்டுடலாமே சார்?" என்றார் காவலாளி.

"யோவ், அது எல்லாருக்கும் புரிஞ்சிடும்யா!"

மேனேஜர் எழுந்தார். ஸ்டோர் ரூம் மேல்தட்டில் பழைய டிக்‌ஷனரி இருக்கிறதாம். "நீ போனா டெலிபோன் டைரக்டரியைத் தூக்கிட்டு வருவே. நானே போறேன்."

அவர் போனதும் கிளார்க் அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவர் சீட்ல இல்லாதப்ப லெட்டரைக் கொண்டுவந்தா நானே கையெழுத்துப் போட்டுடுவேனே. அதுக்கு ரூல் இருக்கு."

"காலையில அதுக்குத்தான் வந்தேன் மேடம். உங்க பஸ் லேட்டு."

காவலாளி ஸ்டோர் ரூமுக்கு நடந்தார். துப்புரவு அக்கா பின்னாலேயே வந்தார். உள்ளே ஏணி கிரீச்சிட்டது.

"அண்ணே, மேனேஜர் உள்ள இருக்காரு."

காவலாளி தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"காலையில சொன்னப்பவும் இப்படித்தான் தலையாட்டிட்டுப் பூட்டினீங்க."