சூரியனுக்கு முதுகு காட்டிய சர்வேயர்

எண்பதுகளில் டாலஸில் இருந்த தமிழர்களில் சர்வேயரிடம் திட்டு வாங்காதவர் ஒருவரைக் காட்டுங்கள், அவர் டாலஸிலேயே இருந்ததில்லை என்று நான் நிரூபிக்கிறேன். பாளையங்கோட்டைக்காரர். நிலம் அளக்கும் கம்பெனியில் வேலை. ஒரே அபார்ட்மென்டில் இருந்ததால் எனக்குத் தினமும் இரண்டு வேளை கிடைக்கும்.

ஒரு ஜூன் மாதம், கிழக்கு டெக்ஸஸில் பழங்குடி மக்கள் தங்கள் ஆட்களைப் புதைத்து எழுப்பிய பழைய மண்மேட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்றார். வருடத்தின் நீளமான பகலன்று, மேற்கிலிருந்து பார்த்தால் சூரியன் சரியாக மேட்டின் உச்சியில் உதிக்கும் என்பது அவர் கணக்கு. முதல் நாளே போய் ஒரு மோட்டலில் தங்கினோம். தலையணை, காபி, மோட்டல்காரரின் மீசை எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது.

விடியலில் போய்ப் பார்த்தால், ஏறக்கூடாது என்ற பலகையைத் தாண்டி, மேட்டின் உச்சியில் ஒரு குடும்பம் கிழக்கே பார்த்து மடக்கு நாற்காலி போட்டு, ரேடியோ வைத்து, டோனட் தின்றுகொண்டிருந்தது. முகத்துக்கு நேராகத் திட்டினால்தான் சர்வேயருக்குத் திருப்தி. ஓட்டமாகக் கிழக்குப் பக்கம் சுற்றிப் போய் அடிவாரத்தில் நின்றார். நானும் ஓடினேன்.

இறங்கச் சொன்னார். தொப்பி போட்டிருந்த குடும்பத் தலைவர், இது வெறும் மேடுதானே என்று சிரித்தார். கோபம் தலைக்கேறினால் சர்வேயருக்கு இங்கிலீஷ் ஓடிவிடும். தமிழில் ஆரம்பித்தார்.

"கூடை கூடையா மண்ணு சுமந்து தன் ஜனங்க மேல போட்டிருக்கான்யா. எங்கம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போட முடியலய்யா என்னால. நீ இது மேல உக்காந்து டோனட் திங்கியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா இறந்து மூன்று மாதமாம். கிரீன் கார்டு வேலை நடக்கும்போது ஊருக்குப் போனால் திரும்ப முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். வக்கீலுக்கும் அங்கேயே திட்டு விழுந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு எதுவும் தெரியாது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மேலே இருந்தவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து சர்வேயர் குரலை இன்னும் உயர்த்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

திரும்பியபோது அது மரங்களுக்கு மேலே வந்துவிட்டது.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க பேசிட்டிருந்தீங்க, அங்கிள்."

தொப்பிக்காரருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் ரேடியோவை நிறுத்தி, நாற்காலிகளை மடக்கி, குடும்பத்தோடு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். சர்வேயர் அவரைப் பார்க்கவில்லை. காலடியில் ஒரு பிடி மண் எடுத்து மேட்டின் ஓரத்தில் போட்டார். கையைத் தட்டிக்கொள்ளாமலே வந்து காரில் ஏறினார்.

ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் நான் லேன் மாறிய விதத்தைப் பார்த்து, "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டை வேண்டுமென்றே தவறவிட்டேன். மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று.